ஆறு துளை

போன வருடம் கோப்பை வாங்கியவர்
அறுபத்து மூன்று டப்பா ஒளித்தவர்.
பண்டாரவளை ரோட்டு வளைவுகளில், தடுப்புக் கம்பிக்குப் பின்னால்
காந்தம் வைத்து ஒட்டிய குப்பிகள்.
சிலதை ஆட்டோவை நிறுத்தாமலே எடுக்கலாம்.
எடுத்தோம். எழுதினோம்: கண்டேன், நன்றி.
கோப்பை கொடுத்த அன்று கைதட்டி
ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம்.
எனக்கும் அதில் வெட்கமில்லை.

பச்சோந்தி என்ற பெயரில் ஒளிக்கிற ஆள்
மூன்று வருடத்தில் இரண்டுதான் வைத்திருந்தது.
ஆணா பெண்ணா தெரியாது.
கூட்டத்துக்கு வந்ததுமில்லை.

அந்த இரண்டாவதைத் தேடி
ஒரு போயா தினம் தனியாகப் போனேன்.
அப்புத்தளையில் இறங்கி, றோதையைத் தாண்டி,
காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு
ஏழாம் நம்பர் மலை ஏறினேன்.
அட்டைக்குச் சவர்க்காரம் ஒரு பொருட்டே இல்லை.
ஜிபிஎஸ் புள்ளி பனிக்குள் அங்குமிங்கும் அலைந்து
கைவிடப்பட்ட கொழுந்து மடுவத்தில் நின்றது.
கூரை போய்விட்டது, தராசுக் கொக்கி தொங்குகிறது.
மூலைத் தூணோடு தூணாய்
சாம்பல் நிறம் பூசிய பீவீசி குழாய்.
எட்டிப் பார்த்தால் அடியாழத்தில்
ஒரு சிவப்பு மூடி.

குச்சி விட்டேன், கம்பி விட்டேன்,
கெட்ட வார்த்தையும் விட்டேன்.
பிறகுதான் உறைத்தது: தண்ணீர்!
பீலி தொண்ணூறு படி கீழே.
போத்தலில் பிடித்து வந்து ஊற்றினால்
குழாயின் இடுப்பைச் சுற்றி ஆறு துளை.
ஆறிலும் பீய்ச்சியது.
இரண்டு கையாலும் அடைத்தால்
ஊற்றுவதற்குக் கையில்லை.

அடுத்த போயாவுக்கு ரிஸ்னாவைக் கூப்பிட்டேன்.
அதே மருந்துக்கடை, அதே கவுண்டர்.
மார்ச் மாத லீவுச் சண்டைக்குப் பிறகு
மருந்துப் பெயர் தவிர எதுவும் பேசாதவள்.
ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை.
குழாயைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள்,
ஆறு விரலில் ஆறு துளை.
நான் ஓடினேன், ஊற்றினேன், ஓடினேன்.
நாலாவது நடையில்
"வருது! வருதுடி!" என்று கத்தினாள்.
"டி" போட்டு ஏழு மாதம்.

சிவப்பு மூடிக்குள் புத்தகம்
பொரித்த அப்பளமாய்க் காய்ந்திருந்தது.
பக்கத்தில் சிலிக்கா பொட்டலம் நான்கு,
மாத்திரைப் போத்தலில் வருகிறதே, அது.
இந்த மழையில் அது பத்து நாள் தாங்காது,
எங்களுக்குத் தெரியும், அதுதானே தொழில்.
அப்படியானால் யாரோ பத்து நாளுக்கொரு தரம்
இந்த மலையை ஏறி இறங்குகிறார்கள்.
புத்தகத்தைப் புரட்டினோம்.
கண்டேன், நன்றி. கண்டேன், நன்றி. கண்டேன்.
பதினோரு பேர். ஒருவர் நன்றியைக்கூட
ந மட்டும் போட்டு முடித்திருந்தார்.

நான் மூன்று பக்கம் எழுதினேன்.
அட்டை, கெட்ட வார்த்தை, தொண்ணூறு படி.
மார்ச் மாதத்தையும் எழுதினேன்.
ரிஸ்னா வாங்கிப் படித்து
லீவுத் தேதியை மட்டும் திருத்தினாள்.

கூட்டத்தில் இந்த வருடம் புதுப் பேச்சு:
கோப்பையைப் பெரிதாக்கலாமா, புள்ளி போடலாமா,
சான்றிதழுக்குத் தங்க எழுத்தா?
நாங்கள் வாய் திறக்கவில்லை.
கவுண்டரில் ஒரு பிஸ்கட் டின் வைத்தோம்.
காலிப் போத்தல்களின் சிலிக்கா பொட்டலமெல்லாம் அதற்குள்.
மேலே ஒரு துண்டு:
தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.
இருமல் பாணிக்கு வருகிறவர்கள்
மிட்டாய் என்று நினைத்துத் திறந்து மூடுவார்கள்.

வியாழன் மாலை கடை கழுவும்போது
டின் காலி.
யார் என்று நானும் பார்க்கவில்லை,
அவளும் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

டின்னுக்குள் ஒரு ரசீது கிடந்தது.
பின்பக்கம் பென்சிலில், அட்சரேகை, தீர்க்கரேகை,
கீழே ஒரு வரி:
இந்த முறை மூன்று பேராக வரவும்.

"மூன்றாவது யாரடி?" என்றாள்.
இரண்டு பேரும்
லீவைக் கொடுக்காத முதலாளியின்
கண்ணாடிக் கதவைப் பார்த்தோம்.